கொரில்லா யாருக்குச் சாட்சி?

ஆசிரியர்களும் மாணவர்களும் கூடும் வாசகர் வட்டமொன்றிலே, ஆபிரிக்காவின் மலைக் கொரில்லாக்களைப் பற்றி ஓர் அன்பர் பேசினார். பேச்சு முடிந்ததும் நண்பரொருவர் எழுந்து, “காலையிற் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன் நான். எங்கோ ஒரு காட்டிலிருக்கும் குரங்கைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று கேட்டார். அவர் அமருமுன் மாணவரொருவர் எழுந்து அதற்கு நேர்மாறான கருத்தொன்றைச் சொன்னார்: “கொரில்லாவிடம் தனியுடைமை இல்லை, வாடகையும் வட்டியும் இல்லை, போர் இல்லை. மனிதன் இயல்பிலே சமத்துவவாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?” ஒருவருக்கு அவ்விலங்கு எவ்வகையிலும் பொருட்டன்று, மற்றவருக்கோ அது குருவாகவே அமைந்துவிட்டது. இவ்விரு கூற்றுகளும் அன்றிலிருந்து நம்மை விடவில்லை. மாணவரின் கூற்று நமக்கு இனிக்கிறது. ஆதலால் அதையே முதலில் ஐயுற வேண்டும்.

கொரில்லாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் புதிதன்று. அப்பெயரே ஒரு மயக்கத்திற் பிறந்தது. ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மேற்காபிரிக்கக் கரையோரமாகக் கலஞ்செலுத்திய கார்த்தேஜ் நகரத்து ஹன்னோவின் குறிப்பிலே, உடலெல்லாம் மயிரடர்ந்த ஒரு கூட்டத்தார் காணப்பட்டதாகவும், மொழிபெயர்ப்பாளர் அவர்களைக் ‘கொரில்லை’ என்றதாகவும், ‘பெண்கள்’ மூவரைப் பிடித்துக் கொன்று தோலையுரித்து ஊருக்குக் கொண்டுசென்றதாகவும் சொல்லப்படுகிறது. அவர்கள் மனிதர்களா, விலங்குகளா? குறிப்பை எழுதியவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. தோலை உரிப்பதற்கு அது தேவைப்படவுமில்லை.

1847ஆம் ஆண்டிலே, தோமஸ் சவேஜ் என்ற மருத்துவ மிஷனரியும், ஜெப்ரிஸ் வைமன் என்ற உடற்கூற்றறிஞரும், மண்டையோடுகளையும் எலும்புகளையும் ஆராய்ந்து இவ்விலங்கை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தனர். ஹன்னோவின் சொல்லையே அதற்குப் பெயராகவும் இட்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டார்வினின் நூல் வெளிவந்தது. 1861இல் பவுல் டு ஷெயு என்ற பயணி, தான் சுட்ட கொரில்லாக்களின் தோல்களோடு லண்டனுக்கு வந்து, நரகத்திலிருந்து புறப்பட்ட அரக்கனொருவனை எழுத்திலே படைத்துக் காட்டினார். அதே ஆண்டுகளிலே ரிச்சர்ட் ஓவனும் தோமஸ் ஹக்ஸ்லியும் கொரில்லாவின் மூளையிலே ஒரு சிறு மடிப்பு உண்டா இல்லையா என்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். அம்மடிப்பு மனிதனுக்கு மட்டுமே உரியது என்றார் ஓவன். குரங்குக்கும் உண்டென்று ஹக்ஸ்லி நிறுவினார். வெளிக்கு மூளையின் மடிப்பாகத் தோன்றிய அந்த வழக்கின் உள்ளீடு, மனிதனின் தனிப்பெருமை நிற்குமா வீழுமா என்பதே.

ஹக்ஸ்லி வென்றார். உண்மை வென்றது என்று நாம் மகிழலாம். ஆனால் அவ்வுண்மை உடனே யாருடைய கைக்குப் போயிற்று என்பதையும் காணவேண்டும். மனிதனும் குரங்கும் உறவினர் என்ற கண்டுபிடிப்பு, எல்லா மனிதரையும் ஒரே குடும்பமாக்கியிருக்க வேண்டியது. அதற்கு மாறாக, குரங்குக்கு அண்மையில் நிற்கும் மனிதர் யார், சேய்மையில் நிற்கும் மனிதர் யார் என்று படிவகுக்கும் தொழிலே நடந்தது. 1906இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் மிருகக்காட்சிச்சாலையிலே, கொங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டா பெங்கா என்ற இளைஞர் குரங்குக் கூடத்திலே ஓர் ஒராங்குட்டானுடன் காட்சிக்கு வைக்கப்பட்டார். கறுப்பினப் பாதிரிமாரின் எதிர்ப்பினால் அவர் விடுவிக்கப்பட்டார். பத்தாண்டுகளின் பின், 1916இல், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். கொரில்லாவை அரக்கனாக்கிய அதே காலந்தான் மனிதனைக் குரங்குக் கூடத்தில் வைத்தது. நமது நண்பரின் கேள்விக்கு விடை தேடுவோர் இவ்விரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தல் இயலாது.

டார்வின் விலங்குகளிடையேயும் தாவரங்களிடையேயும் தமது ஆங்கிலச் சமுதாயத்தையே, அதன் போட்டியையும் சந்தையையும் தொழிற்பிரிவையும் கண்டுகொள்வது வியப்புக்குரியது என்று 1862இல் மார்க்ஸ் ஏங்கல்சுக்கு எழுதினார். டார்வினின் கூர்ப்புக் கொள்கையை மதித்த ஒருவரின் கூற்று இஃது என்பதை மறத்தலாகாது. சமுதாயம் தன் முகத்தை இயற்கையிலே கண்டு, பின் அந்த முகத்தையே காட்டி, ‘இயற்கையே இப்படித்தான்’ என்று தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறது. கண்ணாடிக்குச் சாட்சி சொல்லும் உரிமையைக் கொடுப்பது போன்றது இது. டு ஷெயுவின் அரக்கன் 1933இல் திரைப்படத்திலே கிங் கொங்காக வந்து நியூயோர்க்கின் உச்சியிலேறி விமானங்களாற் சுட்டு வீழ்த்தப்பட்டான். ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட கொரில்லாக்கள் அதற்கு முன்னரே மேலைநாட்டுக் கூண்டுகளில் வாடிக்கொண்டிருந்தன.

கொரில்லாவை யாரேனும் உட்கார்ந்து பார்த்தார்களா? ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பார்த்தவர் பெரும்பாலும் துவக்கின் வழியாகவே பார்த்தனர். 1902இல் ஜேர்மன் படை அதிகாரி றொபர்ட் பொன் பெரிங்கே, சபினியோ எரிமலைச் சரிவிலே இரண்டைச் சுட்டார். அடுத்த ஆண்டே அந்த மலையினத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. கொன்றவன் பெயரைக் கொல்லப்பட்டதற்கே இடும் மரியாதை குடியேற்ற ஆட்சியின் தனிச்சிறப்பு எனலாம். 1921இல் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலைக்காக கார்ல் எய்க்லி அம்மலைக்கு வந்து சிலவற்றைச் சுட்டுப் பாடஞ்செய்து அனுப்பினார். ஆயின் சுட்டபோது தான் ஒரு கொலைகாரன் என்ற எண்ணத்தை அடக்கிக்கொள்ளப் பாடுபட வேண்டியிருந்ததை அவரே எழுதினார். அவருடைய வற்புறுத்தலின் பயனாக 1925இல் பெல்ஜிய அரசன் அல்பேட் தன் பெயராலே அங்கு ஒரு தேசிய பூங்காவை அமைத்தான். எய்க்லி மறுவருடம் அம்மலையிலேயே இறந்து அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

1959இல் ஜோர்ஜ் ஷாலர் என்ற இளம் விலங்கியலாளர், எய்க்லியின் கல்லறைக்கு அருகிலே கபாரா என்ற புற்றரையில் ஒரு குடிசையிலே தங்கினார். அவர் கையாண்ட முறை மிக எளியது: துவக்கின்றிச் சென்றார், மறைந்து நில்லாமல் வெளிப்படையாக அமர்ந்தார், காத்திருந்தார். கொரில்லாக்கள் அவரைப் பார்த்தன, சிறிது சினந்தன, பின் தம் உணவுக்குத் திரும்பின. நூறாண்டுகளாக எழுதப்பட்ட அரக்கன் ஓராண்டுக்குள் கரைந்தான்.

அவரும் அவருக்குப் பின் வந்தோரும் கண்டதைச் சற்று விரித்துச் சொல்லலாம். விவரங்களிலேதான் அவ்விலங்கு உயிர்பெறுகிறது. வளர்ந்த ஆண் நூற்றைம்பது கிலோவுக்கு மேற்பட்ட உடல். பெண் ஏறத்தாழ அதிற் பாதி. இவ்வளவு பெரிய உடலும் பெரும்பாலும் இலை தழைகளாலானது: காட்டுச் செலரியின் தண்டு, காஞ்சொறி, முட்செடிகள், பருவத்தில் மூங்கிற் குருத்து. காஞ்சொறியின் சுணை கையிற் படாதவாறு இலைகளைத் திரட்டி மடித்து வாயிலிடும் திறமை அதற்குண்டு. நார்மிகு உணவைச் செரிக்கப் பெருங்குடலும் நீண்ட ஓய்வும் வேண்டும். ஆதலின் நண்பகலிலே கூட்டம் முழுவதும் படுத்திருக்கும். குட்டிகள் தலைவனின் முதுகிலே சறுக்கி விளையாடும். ஒவ்வொரு மாலையும் ஒவ்வொன்றும் தனக்கெனத் தழையை வளைத்துப் புதிய படுக்கை அமைத்து, மறுநாட்காலை அதை விட்டு நீங்கும். தாயோடு உறங்கும் குட்டிக்கு மட்டுமே தனிப்படுக்கை இல்லை. பெயர்பெற்ற அந்த மார்பறைதல் போருக்கு அறைகூவல் என்பதைவிடப் போரைத் தவிர்க்கும் வழி என்பதே பொருந்தும். கையை முட்டியாக மடக்காது, குவித்த உள்ளங்கையால் அறைந்து எழுப்பும் அவ்வொலி, அறைபவனின் உடற்பருமனை நேர்மையாக அறிவிக்கிறது என்று 2021இல் ஆய்வாளர் காட்டினர். பெரியவனின் ஒலி தாழ்ந்த சுருதியுடையது. கேட்டவன் அளந்துகொண்டு விலகுகிறான்.

கூட்டத்தின் நடுவிலே முதுகு வெண்மையுற்ற ஆண் ஒன்று. சில கூட்டங்களில் இரண்டு மூன்று. ஏறத்தாழப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் முதுகு வெளுக்கும். அவனைச் சர்வாதிகாரி என்று பழைய நூல்கள் எழுதின. ஆனால் பெண்களோ பிறந்த கூட்டத்தைவிட்டு நீங்குகின்றன. இரு கூட்டங்கள் சந்திக்குமிடத்து ஒருவனைத் துறந்து இன்னொருவனிடம் போகின்றன. தலைவனின் தலைமை, பெண்கள் அவனோடு தங்க இசைவதிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது. குட்டிகளோடு மிகுந்த நேரம் கழிக்கும் ஆண்களுக்கே மிகுதியான சந்ததி உண்டாவதையும், அவை பேணும் குட்டிகள் தம்முடையனவா என்று பாராது பேணுவதையும் ருவாண்டாவின் பதிவுகள் காட்டியுள்ளன. எமக்கு மிக அரியதாகத் தோன்றுவது மற்றொன்று. டயன் பொசி 1967இல் நிறுவிய கரிசோக்கே நிலையத்தின் அரைநூற்றாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, பால்குடி மறந்த வயதிலே தாயை இழந்த குட்டிகள் மற்றவற்றைவிட மிகுதியாக இறப்பதில்லை என்று கண்டது. முலையூட்டிகள் பலவற்றிலே தாயிழப்பு பெருங்கேடாகும். இங்கோ கூட்டம் அநாதையை ஏற்கிறது; குறிப்பாகத் தலைவன் அதை அணைக்கிறான், இரவில் தன் படுக்கையில் இடங்கொடுக்கிறான்.

இதைக் கேட்டதும் நமது மாணவர் முகம் மலர்ந்திருக்கும். ஆனால் அதே பதிவேடுகளிலே வேறொரு பக்கமும் உண்டு. தலைவன் இறந்து கூட்டம் சிதறுமாயின், தாயோடு வேற்றுக் கூட்டத்தை அடையும் பச்சிளங்குட்டியை அங்குள்ள ஆண் கொல்வதுண்டு. குட்டி இறந்தால் தாய்க்குப் பால் வற்றும். அவள் விரைவிலே மீண்டும் கருவுறுவாள். கொன்றவனின் சந்ததி பெருகும். நான்காண்டுக்கொருமுறையே குட்டி ஈனும் இனத்தில் இக்கணக்கு சிறியதன்று. குட்டிகளின் இறப்புக்குப் பெருங்காரணங்களுள் இதுவும் ஒன்றென்று கண்டிருக்கின்றனர். அநாதைக்குப் படுக்கையில் இடங்கொடுக்கும் கையும் அயலானின் குட்டியைக் கொல்லும் கையும் ஒரே இனத்தின் கைகள்.

இப்பொழுது இச்சாட்சியை யார் அழைக்கப்போகிறார்? பெரிங்கே சுட்ட அதே 1902இல் குரோபொட்கின், விலங்குகளின் பரஸ்பர உதவியைத் திரட்டி நூலொன்று வெளியிட்டார். நல்லுள்ளம் படைத்தவர், போட்டியே உயிரின் விதி என்றோருக்கு அவர் அளித்த விடை தேவையானதே. ஆனால் 1961இல் றொபர்ட் ஆட்ரி என்ற அமெரிக்க எழுத்தாளர், மனிதன் கொலைக்குரங்கின் வழித்தோன்றல், ஆயுதமே அவனை மனிதனாக்கியது, எல்லைக்காகப் போரிடுவது அவன் குருதியில் உள்ளது என்று எழுதியபோது, அவரும் விலங்குகளையே சாட்சிக்கு அழைத்தார். அந்நூல் ஆபிரிக்காவின் பெயரைத் தாங்கி வந்தது. அதே 1961இன் ஜனவரியிலேதான் கொங்கோவின் பிரதமராயிருந்த பற்றீஸ் லுமும்பா கொலையுண்டார். அக்கொலையின் காரணத்தைக் கற்காலக் குரங்கின் குருதியில் தேடுவோர், கடங்காவின் செப்புச் சுரங்கங்களைக் காணாதிருப்பதற்கு நல்லதொரு மறைப்பைப் பெறுகின்றனர்.

குரோபொட்கினின் சாட்சி நமக்குப் பிடித்த சாட்சி. ஆட்ரியின் சாட்சி நமக்குப் பிடிக்காதது. வேறுபாடு அவ்வளவே. முறை ஒன்றே. சமத்துவத்துக்குக் கொரில்லாவைத் துணைக்கழைப்போமாயின், நாளைக்கு ஒருவர் அதன் சிசுக்கொலையைக் காட்டும்போது நம்மிடம் விடையிராது. மனிதனுக்கும் கொரில்லாவுக்கும் பொது மூதாதை வாழ்ந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் ஆயின என்று 2012இல் வெளியான பரம்பரையலகு ஆய்வு மதிப்பிட்டது. நிறமூர்த்தங்கள் அதற்கு 48, நமக்கு 46. உறவு மெய், மிக நெருங்கிய உறவு. ஆனால் உறவினர் என்பதால் அவர் நமக்கு நீதிபதியாகிவிடார். குரங்கிலிருந்து மனிதனாகிய மாற்றத்தில் உழைப்பின் பங்கை 1876இல் ஆராய்ந்த ஏங்கல்ஸ், கையையும் கருவியையும் கூட்டுழைப்பையும் வலியுறுத்தியதன் பொருள் இதுவே: மனிதன் தன் வாழ்முறையைத் தானே ஆக்கிக்கொள்கிறான், ஆகவே அதற்குத் தானே பொறுப்பாகிறான். கொரில்லா தன் வாழ்முறைக்குப் பொறுப்பாளியன்று. குட்டியைக் கொன்ற ஆணைக் குற்றவாளி என்றலும், அநாதையை அணைத்த ஆணைச் சான்றோன் என்றலும் நமது மயக்கமே. மாணவ நண்பர் இதனால் சோர்வுறத் தேவையில்லை. சமத்துவம் காட்டிலே கிடைக்காத பொருள் என்றால், அது நாட்டிலே செய்யப்பட வேண்டிய பொருள் என்பதுதானே அர்த்தம்.

இனி ஆசிரிய நண்பரின் கேள்வி. அதை நாம் இலேசாக ஒதுக்க விரும்பவில்லை. 1994இல் ருவாண்டாவிலே நூறு நாட்களுக்குள் ஏறக்குறைய எட்டு லட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். கொலை தொடங்கி இரண்டு வாரத்தில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை அங்கிருந்த தன் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. அந்நாட்டு மலையிலே வாழும் ஒவ்வொரு கொரில்லாவையும் மூக்கின் மடிப்புகளைக் கொண்டு தனித்தனியே அடையாளங்கண்டு பெயரிட்டு வைத்திருந்த உலகம், கொல்லப்பட்டோரின் பெயர்களை அறிய அக்கறைப்படவில்லை. நண்பரின் கோபத்துக்கு இதைவிட வலிய ஆதாரம் வேண்டியதில்லை.

ஆயினும் இதிலிருந்து கொரில்லாவைக் கைவிடுதலே நியாயம் என்ற முடிவு பிறக்குமா? அவ்விலங்கை அழிவின் விளிம்புக்குக் கொணர்ந்தது யாரென்று கேட்போம். 1960களின் இறுதியிலே ருவாண்டாவின் எரிமலைப் பூங்காவில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலம், பைரெத்திரம் என்ற பூச்செடியைப் பயிரிட வெட்டித் திருத்தப்பட்டது. பூச்சிமருந்துக்கான அப்பூவின் சந்தை ஐரோப்பாவில். திட்டத்துக்குப் பணமும் அங்கிருந்தே வந்தது. பிறர் அருந்தும் பானத்துக்காக மலைக்காடு இழந்த நாட்டாராகிய நமக்கு இக்கதையை விளக்க வேண்டுவதில்லை. நிலமற்ற குடியானவர் அங்கே குடியேற்றப்பட்டனர். இறைச்சிக்காக மானுக்குக் கண்ணி வைத்தனர். கண்ணியிலே கொரில்லாவின் கையும் காலும் அகப்பட்டன. டிஜிற் என்ற ஆண் 1977 டிசம்பர் 31இல் கொல்லப்பட்டு அதன் தலையும் கைகளும் வெட்டியெடுக்கப்பட்டன. அக்காலத்தில் அவற்றை நினைவுப்பொருளாக வாங்க அயல்நாட்டார் இருந்தனர். பொசி அம்மையார் வெகுண்டெழுந்தார். அவர் வீரமும் தியாகமும் பெரியன. 1985இல் தமது குடிசையிலேயே கொலையுண்டார். ஆனால் பிடிபட்ட வேட்டைக்காரரை அவர் நடத்திய விதத்தை நாம் போற்றுவதற்கில்லை. கண்ணி வைத்தவன் கண்ணுக்குத் தெரிந்தான். பூவை வாங்கியவன் தெரியவில்லை.

2007 ஜூலையிலே கொங்கோவின் விருங்கா பூங்காவில் சென்குவெக்குவே என்ற தலைவனும் அதன் கூட்டத்துப் பெண்களும் சுடப்பட்டுக் கிடந்தன. இறைச்சியும் எடுக்கப்படவில்லை, குட்டியும் கவரப்படவில்லை. பூங்கா மரங்களை எரித்து விற்கும் மரக்கரி வியாபாரத்தைக் காவலர் தடுத்தமையே பின்னணி என விசாரணைகள் சுட்டின. கிழக்குக் கொங்கோவின் தாழ்நிலங்களிலோ, நமது கைத்தொலைபேசிகளுக்கு வேண்டிய கோல்ட்டான் என்ற கனிப்பொருளைத் தோண்டும் சுரங்கத்தாரும் ஆயுதக் குழுக்களும் காட்டினுள்ளே தங்கி, கிடைத்ததைச் சுட்டு உண்கின்றனர். கிறவுவர் கொரில்லா என்னும் அவ்வினம் 1990களின் நடுவில் ஏறத்தாழ 17,000 என மதிக்கப்பட்டது; 2016இல் 3,800 என்றனர்; 2021இன் விரிவான ஆய்வு 6,800 என்று திருத்தியது. திருத்தத்தின் பின்னும் அது பேரிழப்பே. சுரங்கத்தில் மண்சுமப்பவர் பெரும்பாலும் வயிற்றுக்கில்லாதவர். நண்பரின் வகுப்பறைப் பிள்ளைகளின் தந்தையர் போன்றோர்.

இந்த மிருகங்களுக்காக இறந்தவர்களும் அவர்களே. விருங்காவின் வனக்காவலர் இருநூறு பேருக்கு மேல் கடமையிலே கொல்லப்பட்டுள்ளனர். 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் 17 பேர் மடிந்தனர். அவர்களில் 12 பேர் காவலர். 2007இல் தாய் இறந்து கிடக்க அவளைப் பற்றியவாறு இருந்த இரண்டு மாதக் குட்டி நிடகாசியை அன்றிரவு தன் மார்போடு அணைத்துக் காத்தவர் அந்திரே பௌமா என்ற கொங்கோ நாட்டுக் காவலர். பதினான்கு ஆண்டுகளின் பின், 2021இல், அவர் மடியிலேயே அது உயிர்விட்டது. அவரை யாரும் ‘மனிதனை மறந்து மிருகத்தை நேசிப்பவர்’ என்று சொல்ல முடியுமோ? மிருகத்தைக் காக்கும் வேலையும் ஏழையின் தலையில். மிருகத்தைக் கொல்லும் வேலையும் ஏழையின் தலையில்.

மலைக் கொரில்லா பிழைத்து வருகிறது என்பது உண்மை. 1981இல் விருங்கா மலைகளிலே 250 அளவில் இருந்தவை, 2015–16இன் கணக்கெடுப்பில் 604 ஆயின. உகண்டாவின் புவிண்டிக் காட்டில் 2018இல் எண்ணிய 459ஐயும் கூட்டினால் 1,063. இதைச் சாதித்தவற்றுள் பெருங்கருவி உல்லாசப் பயணியின் பணம். ருவாண்டாவில் ஒரு மணி நேரம் கொரில்லாக்களைப் பார்ப்பதற்கு 2017 முதல் கட்டணம் 1,500 டொலர். பூங்கா வருமானத்தில் பத்து வீதம் அயற்கிராமங்களுக்கு என்பது விதி. இலாபத்தை நம்பி நிற்கும் இக்காப்பை நாம் வெறுக்கலாம். ஆயினும் அது குறைத்த மரணங்களை மறைத்தல் நேர்மையன்று. 2020இல் பெருந்தொற்று வந்து பயணிகள் நின்றபோது அவ்வருமானமும் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கணக்கில் இன்னொரு பற்றும் உண்டு. புவிண்டியும் அதன் அயலிலுள்ள முகஹிங்காவும் 1991இல் தேசிய பூங்காக்கள் ஆக்கப்பட்டபோது, அக்காடுகளிலே தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். மாற்று நிலமோ ஈடோ அவர்களுக்குக் கிட்டவில்லை. பிறர் நிலங்களின் ஓரத்திலே குடிசை போட்டுக் கூலிக்கு உழைத்தனர். கொரில்லாவும் அவர்களும் ஒரே காட்டிலே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். காட்டை வெட்டியோர் அவர்களல்லர். ஆயினும் காடு காக்கப்பட்டபோது முதலில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்களே. ஒட்டா பெங்காவைக் கூண்டுக்குள் வைத்த உலகமே அவரையொத்த மக்களைக் காட்டுக்கு வெளியே வைத்தது.

பட்வா மக்கள் வழக்காடினார்கள். 2021 ஓகஸ்ட்டிலே உகண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், ஈடின்றி அவர்களை அகற்றியது சட்டவிரோதம் என்று தீர்த்து, பரிகாரத்தை நிர்ணயிக்குமாறு மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அந்த வழக்கேட்டைப் பார்ப்போர் ஒன்றைக் கவனிக்கலாம்: அதிலே பிரதிவாதிகளாக நிறுத்தப்பட்டோர் சட்டமா அதிபரும், வனவிலங்கு அதிகார சபையும், வன அதிகார சபையும். கொரில்லாவின் மேல் அவர்கள் வழக்கு வைக்கவில்லை.